சுத்தமான பக்கம்

மாப்பிள்ளைப் பையன் இரண்டாவது பஜ்ஜியைக் கையில் எடுத்த நேரத்தில் பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கோகிலவாணியைப் பார்த்தார். அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பையனுக்கும் தெரியும். எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கையைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டான்.

"ஏனுங் தம்பி, போனை எடுத்து ஒருக்கா முகத்தைக் காட்டீர்றீங்களா?" என்றாள் கோகிலவாணி. ஊசி போடுவதற்கு முன்னால் நர்சுகள் பேசுகிற குரல் அவளுக்கு நன்றாகப் படிந்துவிட்டிருந்தது.

பையன் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தான். ராஜசபை திறந்தது. ராஜசபை என்பது இணையத்தில் காசு வைத்துப் போக்கர் ஆடும் தளம். ஆடுகிறவர், ஆடாதவர், சீட்டுக்கட்டைக் கண்ணால் பார்த்திராதவர் என்று எல்லாருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் அவரவருக்கென்று போட்ட போனஸ் சலுகை ஒன்று இருக்கும். ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வராது.

கோகிலவாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முதல் வாரத்தில் தோற்றால் பாதியைத் திருப்பித் தருகிறோம் என்று பையனுக்கு வந்திருந்தது. திருப்பித் தரும் பணத்தை வெளியே எடுக்க முடியாது, மறுபடியும் மேசையில்தான் வைக்க வேண்டும். அதையும் மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும். அவள் போனைப் பையனிடம் கொடுத்துவிட்டு, "நல்லதுங் தம்பி, சாப்பிடுங்க" என்று சொல்லிப் பெண்ணின் அம்மாவோடு சமையலறைக்குப் போனாள்.

"பையன் தங்கமான பையன்தானுங்க. ஆனா தோத்தா மனசு தாங்காது. விட்டதைப் புடிக்கோணும்னு இன்னொண்ணை விடுவான்."

"அவன் சீட்டைத் தொட்டதே இல்லைங்கறாங்களே அக்கா?"

"தொட்டிருக்கோணும்னு அவசியமில்லீங். போன்ல ஒரு சட்டை வாங்கப் போறான். எத்தனை நேரம் யோசிக்கறான், வேண்டாம்னு போனவன் திரும்பி வர்றானா, வெலை ஏறிட்டா மூஞ்சி எப்படிப் போகுதுன்னு ஒரு மிசினு எந்நேரமும் பாத்துட்டே இருக்குது. இவனை உள்ள இழுக்க எதைக் காட்டோணும், எத்தனை செலவு பண்ணலாம்னு அதுக்கு அத்துபடி. வீணா ஒரு பைசா செலவு பண்ணாது. அதனால அது போடற இரையைப் பாத்தாலே மீனு என்ன மீனுன்னு நம்ம சொல்லிப்போடலாம்."

"அப்ப வேண்டாங்களா?"

"அது உங்க இஷ்டங்க. படிச்சதைச் சொன்னேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்ன பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். பையன் வீட்டாரைச் சாப்பிட வைத்து, தாம்பூலம் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள்.

கோகிலவாணி இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கூத்து. இளவயதில் அவள் போக்கர் ஆடுகிறவர்களுக்கான ஓர் இணையப் பத்திரிகையில் வேலை பார்த்தாள். எந்தத் தளம் எவ்வளவு போனஸ் தருகிறது, அது கைக்கு வர எத்தனை ஆட்டம் ஆடித் தொலைக்க வேண்டும், கெடு எப்போது முடிகிறது, இதற்கு வாங்காமலே இருக்கலாமா என்று அலசி எழுதுவது அவள் வேலை. கொட்டை எழுத்தில் போட்டதை விட்டுவிட்டுப் பொடி எழுத்தில் போட்டதைப் படிக்கும் பழக்கம் அப்போது வந்தது. பிறகு ஆளுக்கொரு சலுகை என்று ஆனதும் ஒப்பிட்டு எழுத எதுவும் இல்லாமல் போய், பத்திரிகையை மூடிவிட்டார்கள்.

அரசாங்கம் இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது, எடுத்தது, மறுபடி போட்டது. கடைசியில் ஒரே ஒரு விதியோடு விட்டுவிட்டது. யாருக்கு என்ன சலுகை போட்டிருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது, ஆள் முகத்தைக் காட்டினால் பக்கம் திறக்க வேண்டும். மக்கள் உஷாராக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த விதி. கோயம்புத்தூர்க்காரர்கள் அதை நேராகக் கல்யாணத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் பேங்குகள் கடன் கொடுக்கும்போது கேட்டன, வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடும்போது கேட்டார்கள், ஆஸ்பத்திரிகளும் கம்பெனிகளும் வருடத்துக்கு ஒருமுறை முகம் காட்டச் சொல்லின. ஆனால் ஆரம்பித்து வைத்தது பெண்ணைப் பெற்றவர்கள்தான்.

சிலருடைய பக்கத்தில் எதுவுமே இருக்காது. வெள்ளையாகத் திறக்கும். அப்படி முதலில் ஒரு பக்கம் திறந்தபோது பையனின் அம்மா பதறிப்போய், "ஒண்ணையும் காணமே, போன் கெட்டுப்போச்சுங்களா?" என்றார். கோகிலவாணி சிரித்துக்கொண்டே, "கெடலீங். சுத்தம்" என்றாள். என்ன இரை போட்டாலும் இந்தப் பையன் வர மாட்டான் என்று மிஷினே கைவிட்டுவிட்டது என்று விளக்கமும் சொன்னாள். அந்தச் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. வரன் விளம்பரங்களில் நட்சத்திரம், குலக் கூட்டம், உயரம் இவற்றுக்கு அடுத்து 'பக்கம் சுத்தம்' என்று அச்சடித்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கோகிலவாணிக்கு உள்ளூர ஒரு கர்வம். தான் வாயால் விட்ட ஒரு சொல் எத்தனை வீட்டில் விளக்கேற்றியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய ஒரே மகள் நேத்ராவுக்கும் அப்படித்தான் அமைந்தது. நேத்ரா பிசியோதெரபி படித்துவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையில் இருந்தாள். மாப்பிள்ளை கிருத்திக் உடுமலைக்காரன், தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் டிரோன் கம்பெனியில் இன்ஜினீயர். பெண் பார்க்க வந்த அன்று, என் மகளை நானே பார்ப்பது முறையில்லை என்று கோகிலவாணி ஒதுங்கிக்கொள்ளத்தான் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. "உங்களை விட்டா யாருங் சம்மந்தி? நீங்களே ரெண்டு பேரையும் பாத்துச் சொல்லிப்போடுங்க" என்றார். கிருத்திக்கின் பக்கம் வெள்ளை. நேத்ராவின் பக்கமும் வெள்ளை. கோகிலவாணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆவணியில் முகூர்த்தம் குறித்து, மண்டபத்துக்கு அட்வான்சும் கொடுத்தாயிற்று.

கல்யாணப் பத்திரிகைகளின் மூலையில் அவள் மஞ்சள் தடவிக்கொண்டிருந்த ஒரு காலையில் மைதிலி வந்தாள். சூலூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் புருஷன் சக்திவேலுக்குக் கோகிலவாணிதான் பக்கம் பார்த்துச் சொன்னவள். கல்யாணத்துக்கும் போயிருந்தாள், குழந்தைக்குப் பெயர் வைத்ததற்கும் போயிருந்தாள். ஆள் பாதியாகியிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மைதிலி, உடம்புக்கு முடியலையா?" என்றாள்.

"அவரு கார்லயே இருக்காருங்க்கா."

"எந்தக் கார்ல? கூட்டிட்டு வரலாமல்ல?"

"இங்க இல்லீங். இப்ப இருக்கற வாடகை ஊட்டு வாசல்ல. வேலைக்குப் போறதில்ல. காலைல எந்திரிச்சுக் கார்ல போய் உக்காந்துட்டுப் போனை எடுத்தாருன்னா பொழுது சாயற வரைக்கும் அதுலதான். சோத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடி வழியாக் குடுக்கறேன். பாப்பா போய்க் கதவைத் தட்டுனா, யாரு பாப்பான்னு கேக்கறாரு."

கோகிலவாணி மஞ்சள் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன ஆடறாரு?"

"ராஜசபைதான். சொந்த ஊடு போயிருச்சுங்க்கா. என்ற நகையும் போயிருச்சு. அதை விடுங்க."

"சக்தியா? நான் பாத்தப்ப ஒண்ணுமே இல்லியே. சுத்தமா இருந்துச்சே."

"சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள் மைதிலி. "எப்படி சுத்தமாச்சுன்னு பாருங்க." பையிலிருந்து சக்திவேலின் பழைய போனை எடுத்து நீட்டினாள். எதேச்சையாக பீரோவில் கிடைத்ததாம்.

பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் வந்த செய்தி அது. 'சக்திவேல், வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முகம் காட்டப் போகிறீர்கள். அதற்குள் கீழே குறிப்பிட்ட ஆட்டங்களை எங்கள் மேசையில் ஆடி முடித்தால், அன்று உங்கள் பக்கம் சுத்தம். மாதாமாதம் புதுப்பித்துக்கொள்ளலாம்.'

கோகிலவாணி கடைசி வாக்கியத்துக்குப் போகவே இல்லை. சுத்தம் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். ராஜசபையின் பாஷையில் அந்தச் சொல் கிடையாது. அவர்கள் இதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டுக் கூடத்தில், பஜ்ஜித் தட்டுக்கு முன்னால், அவள் வாயிலிருந்து வந்த சொல் இது. மிஷின் அதைக் கேட்டிருக்கிறது. இந்த மனுஷனை எதைக் காட்டினால் இழுக்கலாம் என்று தேடியிருக்கிறது, பணம் இல்லை, பரிசு இல்லை, நாலு பேர் முன்னால் நல்லவனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை என்று கண்டுபிடித்து, அவள் சொல்லையே கொக்கியில் மாட்டிப் போட்டிருக்கிறது.

"அதுக்கு முந்தி அவருக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அதையும் பாத்தனுங்க. எப்பவாச்சும் ஒருக்கா ஆட ஒரு இலவசச் சீட்டு. அவ்வளவுதானுங் அக்கா. அதை நீங்க படிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

சும்மா சபலப் புத்தி, பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருப்பாள். அந்த இஷ்டத்தில் சம்பந்தம் நின்றுபோயிருக்கும். அதற்குப் பயந்துகொண்டு ஒருவன் ஆடாத ஆட்டத்தை ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறான். வெள்ளைப் பக்கம் என்றால் இரைக்கு அகப்படாதவன் என்று இத்தனை காலம் சொல்லி வந்தாளே, வலைக்குள் கிடக்கிற மீனுக்கும்தான் இரை போட மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மைதிலி நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தாள். கம்பெனி வக்கீல், வெள்ளைப் பக்கம் என்றால் நாங்கள் அவரை அழைக்கவே இல்லை என்று அர்த்தம், ஊரில் எல்லாரும் அப்படித்தான் படிக்கிறார்கள், கோயம்புத்தூர் கோகிலவாணியே அப்படித்தான் படிக்கிறார் என்று வாதாடினாராம். செய்தியைக் காட்டினால் அது பொய்யாகச் செய்தது என்கிறார்களாம்.

"திங்கக்கெழமை வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க்கா. அந்தப் பக்கத்தைப் பாத்து நான் சொன்னது தப்புன்னு. நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க. வேற யாரு சொன்னாலும் எடுபடாது. என்ற மனுசன் எந்திரிச்சு வர மாட்டாரு, தெரியும். வர்ற பசங்களாச்சும் தப்பிக்கட்டும்."

"வர்றேன் மைதிலி" என்றாள் கோகிலவாணி. யோசிக்காமல், மனதார, அந்தக் கணத்தில் வேறு எதுவும் தோன்றாமல் சொன்னாள். "நீ வண்டி எடுத்துட்டு வா. நான் கெளம்பி நிக்கறேன்."

மைதிலி போன பிறகுதான் கிருத்திக்கின் வெள்ளைப் பக்கம் நினைவுக்கு வந்தது. மகளை எங்கே கொண்டுபோய்த் தள்ளப் பார்த்தோம் என்று மாரில் அடித்துக்கொள்ளாத குறையாக வீட்டுக்குள் நடந்தாள். கணவர் பழனிவேல் பம்புசெட் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லவில்லை. வீட்டு விஷயம் எதைக் கேட்டாலும் உன் இஷ்டம் என்று சொல்கிறவர் அவர்.

சாயங்காலம் நேத்ரா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கைகால் கழுவி, காப்பி டம்ளரோடு ஊஞ்சலில் உட்கார்ந்தாள். கோகிலவாணி சுற்றிவளைக்கவில்லை.

"கண்ணு, இந்தக் கல்யாணம் வேண்டாம்."

நேத்ரா டம்ளரை இறக்காமல் பார்த்தாள். கோகிலவாணி எல்லாவற்றையும் சொன்னாள். மைதிலி வந்தது, காரில் உட்கார்ந்திருக்கும் சக்திவேல், அந்தச் செய்தி, அதில் இருந்த சொல். "அந்தப் பையன் பக்கமும் அப்படித்தான் வெள்ளையாயிருக்குது. எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கொப்பன்கிட்ட நான் பேசிக்கறேன். பத்திரிகை அடிச்சது போனாப் போகட்டும்."

"கிருத்திக்கை மட்டும் எதுக்கும்மா சொல்றே?" என்றாள் நேத்ரா. "என்னுதும் வெள்ளைதான்."

கோகிலவாணிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"எனக்கு மொதல்ல என்ன வந்திருந்துச்சு தெரியுமா? காசு இல்லை, ஒண்ணும் இல்லை. சாயங்கால நேரத்துல பேசிக்கிட்டே ஆடறதுக்கு ஒரு மேசை, உங்களைப் போல தனியா இருக்கறவங்க மட்டும் வருவாங்கன்னு போட்டிருந்துச்சு. அதைப் பாத்தா நீ என்னன்னு சொல்லுவே?"

கோகிலவாணி என்ன சொல்லியிருப்பாள் என்று இருவருக்கும் தெரியும். பாசத்துக்கு ஏங்குகிற பெண், யார் நாலு வார்த்தை நல்லதாகப் பேசினாலும் பின்னால் போய்விடும், ஜாக்கிரதை.

"எல்லாரு முன்னாடியும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாசிச்சிருப்பேம்மா நீ. வாசிக்காம இருந்திருந்தா, தன் பொண்ணுக்கு மட்டும் மறைச்சுட்டாள்னு ஊர்ல பேசியிருப்பாங்க. ரெண்டுல எது நடந்தாலும் உன் தொழில் போயிருக்கும். அப்பத்தான் அது வந்துச்சு. இத்தனை ஆட்டம் ஆடுனா சுத்தம்னு. உன்ற வார்த்தையைப் பாத்ததும் எனக்கு ஒரு தைரியம்கூட வந்துச்சு."

"கிருத்திக்குக்குத் தெரியுமா?"

"அவனும் அங்கதான் இருக்கான். ஒருத்தர் மேசையை ஒருத்தர் பாத்துட்டோம். நிச்சயத்துக்கு அப்புறம் நாங்க பேசறதே அதைப் பத்தித்தான். இன்னிக்கு எத்தனை மிச்சம், எப்ப முடிப்பேன்னு."

"நிறுத்தீரு. இன்னிக்கே நிறுத்தீரு. பக்கம் எப்படி வேணா மாறட்டும்."

"ஆஸ்பத்திரில முகம் காட்டச் சொல்லுவாங்கம்மா. வேலை போயிரும்." நேத்ரா டம்ளரைக் கீழே வைத்தாள். "அதுகூடப் பரவால்ல. முதல்ல வேண்டாவெறுப்பாத்தான் ஆடுனேன். மாசா மாசம் ஆட்டத்தைக் கூட்டிட்டே போச்சு. இப்ப கணக்கு முடிஞ்சாலும் கை போன்கிட்டயே போகுது. போன வாரம் பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை நடக்க வெச்சுட்டிருந்தேன். ஒரே ஒரு ஆட்டம் பாத்துக்கலாம்னு போன் பக்கம் திரும்புனேன். விழுந்துட்டாரும்மா. இடுப்பு எலும்பு போயிருச்சு. அவரே தடுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. அதுதான் கோகிலவாணியைப் பயமுறுத்தியது. சின்ன வயதில் நாய்க்குட்டி நொண்டினால்கூட அழுகிற பிள்ளை அது. இப்போது பேசிக்கொண்டிருக்கும்போதே பெருவிரல் தன்பாட்டில் மடியில் தேய்ந்துகொண்டிருந்தது. சக்திவேலைப் போல இவளும் ஒரு நாள் யாரு பாப்பா என்று கேட்பாள் என்று கோகிலவாணிக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊரார் முகத்தையெல்லாம் பார்த்தவள், தன் முகத்தை மட்டும் ராஜசபைக்குக் காட்டியதே இல்லை. தொழிலில் இருக்கிறவர்கள் காட்டக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தாள். இப்போது ஏன் காட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மிஷினோடு பேச வேறு வழி இல்லை என்று தோன்றியிருக்கலாம்.

பக்கம் திறந்தது. வெள்ளையாக இல்லை.

'கோகிலவாணி, உங்களுக்கு ஆட்டம் எதுவும் தேவையில்லை. நேத்ரா, கிருத்திக் இருவருடைய மேசைகளையும் மூடிவிடுகிறோம். மறுபடி அவர்களை அழைக்க மாட்டோம். அவர்கள் பக்கம் எப்போதும் சுத்தம். சக்திவேலின் பக்கத்தைப் பற்றி முன்பு நீங்கள் சொன்னதை, கேட்கிறவர்களிடம் மறுபடியும் சொன்னால் போதும்.'

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். பழக்கதோஷத்தில் பொடி எழுத்தைத் தேடினாள். இல்லை. கெடு தேதியைத் தேடினாள். இல்லை. ஆட வேண்டிய கணக்கு, எடுக்கக் கூடாத பணம், விடுபட்டால் வரும் அபராதம், எதுவும் இல்லை. இவ்வளவு சுருக்கமான சலுகையை அவள் எந்தத் தளத்திலும் பார்த்ததில்லை. எந்த மனுஷனும் உட்கார்ந்து இதை எழுதியிருக்க மாட்டான் என்பதும் தெரிந்தது. கம்பெனி வக்கீலுக்கு அவள் பெயர் தெரியுமே தவிர, மைதிலி அவளைத் தேடி வந்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது. மைதிலி வழக்குப் போட்டதும், மைதிலியின் போனும் அவள் போனும் காலையில் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததும் மிஷினுக்குப் போதும். இவளை இழுக்க எதைக் காட்ட வேண்டும் என்று தேடி, கண்டுபிடித்து, போட்டுவிட்டது. அதற்குக் கோபமும் இல்லை, வஞ்சமும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்படியும் அறையில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

நடுவில் வந்த நாட்களில் அவள் மகளைக் கவனித்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்தாள் நேத்ரா. கல்யாணப் புடவை எடுக்கப் போன கடையில், உடுத்திப் பார்க்கும் அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கூப்பிட்டதற்கு, "முடியப்போகுதும்மா" என்றாள். புடவையைச் சொல்கிறாளா, வேறு எதையாவது சொல்கிறாளா என்று கோகிலவாணி கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மைதிலி ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். ஆட்டோவுக்குள் அவள் மகள், மாம்பழ நிறக் கவுன் போட்டுக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லையாம்.

"கெளம்பலாங்களா அக்கா?"

கோகிலவாணி வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே குளியலறையில் நேத்ரா தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மைதிலி, நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். அன்னிக்கு நான் பாத்தப்ப அந்தப் பக்கம் சுத்தமாத்தான் இருந்துச்சு. என்ற கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் உன்ற வீட்டுக்காரரு கெட்டுப்போனதுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? கோர்ட்டுல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்."

மைதிலிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். கத்தினால் பதிலுக்குக் கத்திவிடலாம் என்று தயாராகக்கூட இருந்தாள். மைதிலி அவள் முகத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் வந்திருச்சாட்ட இருக்குதுங்க்கா" என்றாள்.

கோகிலவாணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்ன வந்துச்சுன்னு சொல்ல வேண்டாம். அப்படி ஒண்ணு வந்தவங்க எப்படிப்பட்டவங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. அதுதானுங் உங்க தொழிலு."

கோகிலவாணி ஆட்டோவுக்குள் இருந்த குழந்தையைப் பார்த்தாள். பொய் சொல்லலாம். ஆனால் ஒரு சலுகையைப் படித்துச் சொல் என்று கேட்டு வந்தவர்களிடம் அவள் வேண்டுமென்று தப்பாகச் சொன்னதில்லை.

"என்ற பொண்ணு தப்பிச்சாப் போதும்னு இருக்கறவ" என்றாள். "அதுக்காக உன்ற பொண்ணு தெருவுல நின்னாலும் பாத்துட்டு நிப்பா."

மைதிலி தலையாட்டினாள். படித்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போகிற எத்தனையோ அம்மாக்கள் ஆட்டுகிற அதே தலையாட்டல்தான். குழந்தையை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். தெருமுனையில் ஆட்டோ திரும்பும் வரை கோகிலவாணி பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குக் கீழே, யாருக்கும் சொல்ல முடியாத ஒரு நிம்மதியும் இருந்தது.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நேத்ரா கூடத்துக்கு வந்து, மேஜையில் இருந்த போனை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, மேசையை மூடிட்டாங்க. இனிமேல் ஆட வேண்டாம்னு வந்திருக்கு. கிருத்திக்கும் இப்பத்தான் மெசேஜ் போட்டான், அவனுக்கும் அப்படியேதான்." எத்தனையோ மாதமாக வராத அழுகை அவளுக்கு இப்போது வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "யாரோ நல்லவங்க, நம்ம மேல இரக்கப்பட்டிருக்காங்கம்மா. யாருன்னு தெரிஞ்சா கால்ல விழலாம்."

கோகிலவாணி மகளின் தலைத்துண்டு அவிழ்வதைப் பார்த்துச் சரியாகச் சுற்றிவிட்டாள். "ஈரத்தோட நிக்காதே கண்ணு, உள்ள வா" என்றாள்.